நடுவில் வைக்கும் தகடு

அந்த வண்டி பட்டறை மண்ணில் ஓடியது. காலேஜ் மொசைக் தரையில் ஓடவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

"தூக்கிப் புடிச்சா காத்தாடியாட்டம் சுத்துது. கீழ வச்சா படுத்துக்குது" என்றான் முகமது அனஸ். அவன் கையில் நாலு சுவிட்ச் பொருத்திய டிபன் டப்பா. அதிலிருந்து ஒரு வயர் நீளமாகப் போய் வண்டியில் முடிந்தது. லப்பைக்குடிகாட்டுப் பையன். மோட்டார், வயர், பேட்டரி எல்லாம் அவன் பொறுப்பு. இரும்பு மணிமொழியின் பொறுப்பு. இரண்டு பேரும் மூன்றாம் வருடம் மெக்கானிக்கல். குழுவில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், பெயர் கொடுத்ததோடு சரி.

வண்டி என்றால், இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் சதுரக்குழாயால் கட்டிய ஒரு சேஸிஸ். அதன் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் சக்கரம். பழைய கார்களில் கண்ணாடி துடைக்கும் மோட்டாரைக் கழற்றிவந்து அவற்றைச் சுற்றவைத்திருந்தார்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஆபீஸ் நாற்காலிச் சக்கரம். அவை தாங்குவதற்கு மட்டும். சனிக்கிழமை திருச்சியில் போட்டி. கட்டம் போட்ட களத்துக்குள் இரண்டு ரோபோக்களை விடுவார்கள். மரக்கட்டைகளை அடுத்தவன் பக்கம் தள்ளவேண்டும். இடிக்கலாம், முட்டலாம், புரட்டலாம். அதனால்தான் சேஸிஸ் உறுதியாக வேண்டும் என்று மணிமொழி முதல்நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். மற்ற குழுக்கள் மெட்ராஸிலிருந்து அலுமினியத்தில் வரவழைத்தார்கள். "எங்கப்பா கட்டித் தருவாரு" என்றாள் இவள்.

இது இரண்டாயிரத்து ஆறு, மாசி மாதம், வியாழக்கிழமை.

லேப் சார் காசிநாதன் குனிந்து பார்த்தார். பூட்ஸ் நுனியால் சேஸிஸை ஒரு தட்டுத் தட்டினார். 'டங்' என்றது.

"வெயிட்டு எவ்ளோம்மா?"

"பதினோரு கிலோ சார். பதினஞ்சுவரைக்கும் வுடுவாங்க."

"ரோபோவா, இல்ல சோள மூட்ட ஏத்துற வண்டியா?"

பையன்கள் சிரித்தார்கள். உறுதியைக் காட்டுவதற்காக அனஸ் அதன்மேல் ஏறி நின்று இரண்டு குதி குதித்தான். சேஸிஸ் அசையவில்லை. இறங்கி சுவிட்சை அழுத்தினான். சக்கரங்கள் 'ஙொய்ங்' என்று சுற்றின. வண்டி நின்ற இடத்திலேயே அதிர்ந்து, ஒரு விரற்கடை திரும்பி, சாரைப் பார்த்தபடி நின்றது.

"ஏறி நின்னா தாங்குதுப்பா. போன்னு சொன்னா மட்டும் போவ மாட்டேங்குது. எங்க நன்னா மாரி" என்றான் அனஸ், தன் தாத்தாவை நினைத்து.

மணிமொழிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு இந்த வண்டி ஓடியே ஆகவேண்டும். பரிசுக்காக இல்லை.

*

ஐந்து வாரத்துக்கு முன்னால், தை பிறந்த மறுவாரம், சிறுவாச்சூர்க்காரர் சிங்காரவேலுவின் டிரெய்லர் மக்காச்சோளத்தோடு ஹைவேயில் நடு முறிந்து விழுந்தது. டிரெய்லர் இழுத்த இழுப்பில் டிராக்டரும் சாய்ந்து, ஓட்டிக்கொண்டிருந்த சிங்காரவேலுவுக்கு இடது கை முறிந்தது. ரோடு முழுக்கச் சோளம். அந்த டிரெய்லரைக் கட்டியவர் மணிமொழியின் அப்பா அய்யம்பெருமாள்.

பெரம்பலூரில் துறையூர் ரோட்டோரம் நாலு இரும்புத்தூண் நட்டுத் தகரம் போட்ட கொட்டகைதான் அவர் பட்டறை. அவருடைய அப்பன் காலம்வரைக்கும் அடுத்தவர் காட்டில் களைவெட்டிய குடும்பம். இவர்தான் முதலில் வெல்டிங் ராடைப் பிடித்தவர். இருபது வருடத்தில் எத்தனை டிரெய்லர் கட்டினார் என்று அவருக்கே கணக்கில்லை. ஒன்றுகூட விழுந்ததில்லை.

"பத்து வுட்டுருச்சுய்யா. ஒன் வெல்டு சரியில்ல" என்றார் சிங்காரவேலு, கட்டுப் போட்ட கையோடு.

"நீ லோடு கூட ஏத்தியிருப்ப அண்ணே. எம் பத்து வுடாது."

"அளவாத்தான்யா ஏத்துனன்."

அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. பேச்சு நின்றதும் ஊர் பேசியது. டிரெய்லர் சொல்லியிருந்த இரண்டு பேர் வேறு பட்டறைக்குப் போனார்கள். அய்யம்பெருமாள் காலையில் பட்டறையைத் திறப்பார், கூட்டுவார், ஸ்டூலில் உட்காருவார். ஒருநாள் பழைய ராடு ஒன்றை எடுத்து, பழைய ஆங்கிள் இரண்டைப் பற்றவைத்து, சுத்தியலால் அடித்துப் பார்த்தார். விடவில்லை. இன்னொன்று வைத்து அடித்தார். அதுவும் விடவில்லை. அப்படிப் பதினேழு வைத்து அடித்தார். பதினேழும் நின்றது. அது அவரை இன்னும் குழப்பியது.

"நல்லாத்தான இருக்கு. அப்ப அது ஏன் வுட்டுது?" என்று மனைவி ஆண்டாயியிடம் கேட்டார்.

"எனக்கு என்னங்க தெரியும்."

அனஸின் அப்பா ஜபருல்லா சவுதியில், தம்மாமில் ஒரு கம்பெனியில் போர்மேன். லீவில் வந்திருந்தார். "வெல்டர் விசா ஒண்ணு கையில இருக்கு, வரியா? வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சு சொல்லிடு, இல்லன்னா வேற ஆளுக்குப் போயிடும்" என்று சொல்லி அனுப்பினார். பாஸ்போர்ட் முன்பே எடுத்துவைத்திருந்தது. பட்டறையைப் பூட்டிவிட்டுப் போவது என்று அய்யம்பெருமாள் முடிவுக்கு வந்தார்.

"அங்க யாரோ வரஞ்சு குடுப்பான், நான் பத்தவச்சா போதும். உழுந்தா எவன் கையின்னு யாருக்கும் தெரியாது" என்றார்.

மணிமொழிக்கு அந்தப் பேச்சுதான் பொறுக்கவில்லை.

"எனக்கு ஒரு சேசு கட்டிக் குடுப்பா. ரோபோவுக்கு. அது நல்லா ஓடுச்சுன்னா நீ போவக் கூடாது."

"ஓடலன்னா?"

"ஓடலன்னா போ."

அய்யம்பெருமாள் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "சின்னதா பெருசா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாளே கட்டினார். டிரெய்லர் விழுந்தபிறகு ஒரு வேலைக்காகப் பட்டறையில் நெருப்புப் பறந்தது அன்றைக்குத்தான். அவர் வேலை செய்யும்போது பேசமாட்டார். முகத்தில் கருப்புக் கண்ணாடி, ஒரு கையில் ராடு பிடித்த ஹோல்டர். இன்னொரு கை பின்னால் நீளும். சுத்தியல் வேண்டுமா, சாக்குக்கட்டி வேண்டுமா, மூலைமட்டம் வேண்டுமா என்று ஆண்டாயிக்குத் தெரியும். நீண்ட கையில் வைப்பாள். கை திரும்பிப் போகும். கல்யாணமான புதிதில் ஆள் வைக்க வழியில்லாமல் அவள் வந்து நின்றது. பிறகு வேறு ஆள் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அன்றைக்கும் அப்படித்தான் கை நீண்டது, அவள் வைத்தாள், வேலை மதியத்துக்குள் முடிந்தது. ஆறிய சேஸிஸை மணிமொழி இரண்டு கையாலும் தூக்கி, "கல்லு மாரி இருக்குப்பா" என்றாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பட்டறை மண்ணில் சக்கரம் மாட்டி ஓட்டியபோது, அது முப்பது கிலோ ராடு மூட்டையை உருட்டிக்கொண்டு போனது.

*

வியாழக்கிழமை மதியம் வண்டியைச் சோளச்சாக்கில் போட்டு டவுன் பஸ்ஸில் ஏற்றினார்கள். கண்டக்டர் சாக்கைத் தடவிப்பார்த்தார்.

"என்ன புள்ள உள்ள, ஆட்டுக்குட்டியா?"

"ரோபோங்க."

"கத்துமா?"

"கத்தாது."

"அப்ப சீட்டுக்கடில தள்ளு. கத்துனா அரை டிக்கெட்டு."

பட்டறையில் இறக்கி, மண்ணில் வைத்து, அனஸ் சுவிட்சை அழுத்தினான். வண்டி 'ஜம்'மென்று போய் ஆண்டாயியின் தண்ணிக்குடத்தை முட்டி நின்றது.

"ஓடுதே!" என்றார் அய்யம்பெருமாள்.

"இங்க ஓடுது மாமா. அங்க ஓடல."

"அப்ப அங்க தரைலதான் கோளாறு."

"தரைல என்னப்பா கோளாறு இருக்கும்? திருச்சிலயும் அந்த மாரி தரைதான்."

"வழுக்குதா?"

"சக்கரத்துல சைக்கிள் டியூப் சுத்திப் பாத்துட்டேன் மாமா. அப்பயும் அதே கதைதான்."

"மோட்டாரு?"

"மாத்திட்டேன்."

"பேட்டரி?"

"காலைல சார்ஜ் போட்டது."

அய்யம்பெருமாள் வண்டியைத் தூக்கினார், புரட்டினார், ஒவ்வொரு பற்றையும் நகத்தால் கீறிப்பார்த்தார். மூலைக்கு மூலை குறுக்கே அளந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. நான்கு மூலையிலும் மூலைமட்டத்தை வைத்தார். ஒளி புகவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்த ஒன்று ஓடவில்லை. சரியாக இருந்த இன்னொன்று ஹைவேயில் விழுந்துகிடந்தது.

அவர் வண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியில் கை கழுவினார்.

"அனஸு, நாளைக்கு உங்க அத்தாகிட்ட நான் வரேன்னு சொல்லிடுப்பா."

"மாமா, இன்னும் ஒரு நாள் இருக்குல்ல."

"ஒரு நாள்ல என்னா புதுசா தெரியப்போவுது? எங்கைக்கு என்னமோ ஆயிப்போச்சு. எனக்கே வௌங்கல, ஒனக்கு எங்க வௌங்கும்."

அனஸ் மணிமொழியைப் பார்த்தான். அவள் வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். சுருட்டியதை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினாள்.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே தகரம் கொதித்தது. கொட்டகையில் உட்கார முடியாமல் மணிமொழி வண்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலிருந்த வீட்டுக்குள் போனாள். இரண்டே அறை வீடு. ஆனால் தரை நல்ல சிவப்புச் சிமெண்டு, ஆண்டாயி தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கலாம் போல வைத்திருந்தாள்.

"அந்தக் கருமத்த வூட்டுக்குள்ள குண்டாராத, தரை கீறிப் போவும்."

"வெளில நெருப்பாட்டம் கொதிக்குதும்மா. வயர மட்டும் ஒருதடவ பாத்துட்டு எடுத்துடறேன்."

"என்னத்தப் பாத்து என்ன. உங்கப்பா காலைலயே துணி மடிக்க ஆரம்பிச்சுட்டாரு. நாலு சட்ட இருக்கு, அத ஒம்போது தடவ மடிச்சுட்டாரு."

ஆண்டாயி கால் நீட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காட்டில் அறுவடை, கூடையோடு கொடுத்திருந்தார்கள். முறத்தில் வெங்காயம், முறத்தைச் சுற்றிச் சருகு. மணிமொழி மேசை விசிறியைப் போட்டாள்.

"ஏய், அத நிறுத்துடி, தோலு பறக்குது பாரு."

பறந்தது. ரோஜாநிறச் சருகுகள் தரையோடு தரையாகச் சறுக்கிக்கொண்டு வண்டிப்பக்கம் போயின. முன்னாலிருந்த நாற்காலிச் சக்கரத்தில் இரண்டு மோதி நின்றன. ஒன்று மட்டும் நடுவில் இருந்த ரப்பர் சக்கரத்துக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கமாக வெளியே வந்து, சுவரோரம் போய்ப் படுத்தது.

ஆண்டாயி அதைப் பார்த்தாள். இன்னொரு சருகை எடுத்து, குனிந்து, வாயால் ஊதினாள். அதுவும் அந்தப் பக்கம் போனது.

"ஏன்டி, இந்தச் சக்கரம் நிக்கிதா, தொங்குதா?"

"என்னம்மா?"

"அடியில பூந்து போவுதே. நிக்கிற சக்கரத்துக்கு அடியில எப்புடிப் போவும்?"

மணிமொழி வயரைப் போட்டாள். தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியவில்லை, கருப்பு ரப்பரும் அதன் நிழலும் ஒன்றாகத்தான் இருந்தன. பையிலிருந்து பஸ் பாஸை எடுத்து சக்கரத்துக்கு அடியில் தள்ளினாள். போனது. அடுத்த சக்கரத்துக்கும் போனது. முன்னும் பின்னும் இருந்த நாற்காலிச் சக்கரங்களுக்கு அடியில் போகவில்லை.

"அப்பா! அப்பா, இங்க வாயேன்!"

அய்யம்பெருமாள் கையில் ஒரு சட்டையோடு வந்தார். அவள் பஸ் பாஸை இன்னொருதரம் விட்டு எடுத்தாள். அவர் சட்டையை ஆண்டாயி மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். வண்டியைப் புரட்டிப்போட்டு, இடுப்பு வேட்டியிலிருந்து ஒரு நூலை உருவி, நீளக்குழாயின் முனைக்கு முனை இழுத்துப் பிடித்தார். கவிழ்ந்து கிடந்த வண்டியில், நூலுக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு இடைவெளி பிறை மாதிரித் தெரிந்தது.

"நடு தூக்கியிருக்கு" என்றார்.

"அதான் மண்ணுல ஓடுது!" மணிமொழிக்குக் குரல் உயர்ந்தது. "முன்னப்பின்ன இருக்குற சின்னச் சக்கரம் மண்ணுல அழுந்திக்குது, நடுச்சக்கரத்துக்குப் புடி கெடைக்குது. மொசைக்ல அழுந்தாது. தொங்குது. ஏம்ப்பா, சூட்டுல வளைஞ்சிருக்குமா?"

"சூட்டுல வளைஞ்சா ஒருபக்கம் வளையும். ரெண்டு கொழாயும் ஒண்ணுபோலத் தூக்கியிருக்கு. இது வச்சுக் கட்டுனது." அவர் நூலை விட்டார். "நடுவுல தகடு வச்சுக் கட்டுனது."

டிரெய்லர் கட்டுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். நீளச்சட்டத்தைக் கட்டைமேல் போட்டு, நடுவில் ஒரு கால் இஞ்ச் தகட்டைச் சொருகி, இரண்டு முனையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு பற்றவைப்பார்கள். சும்மா நிற்கும்போது நடு லேசாகத் தூக்கி நிற்கும். லோடு ஏறியதும் இறங்கி நேராகும். தகடு வைக்காமல் கட்டினால் லோடுக்கு நடு தொங்கும், தொங்கித் தொங்கி ஒருநாள் விடும்.

"இதுக்கு எதுக்குத் தகடு? இது என்னா லோடு ஏத்தப்போவுது?" என்றார் அய்யம்பெருமாள். "யாரு வச்சா?"

"நாந்தான் குடுத்தேன்" என்றாள் ஆண்டாயி.

"ஒன்ன யாரு குடுக்கச் சொன்னா?"

"நீங்கதான கைய நீட்டுனீங்க."

"நான் சாக்குக்கட்டிக்கு நீட்டுனன்டி!"

"அது எனக்கு எப்புடித் தெரியும்? கொழாயக் கட்டமேல போட்டீங்க, கைய நீட்டுனீங்க. இருவது வருசமா அந்த எடத்துல தகடுதான். குடுத்தேன். குடுத்தது வேணாம்னா திருப்பிக் குடுத்திருக்கலாமே, அடியில சொருவுனது யாரு?"

அவருக்கு நினைவில்லை. கை நீண்டது, ஏதோ வந்தது, கை அதைக் கொண்டுபோய் வைக்கவேண்டிய இடத்தில் வைத்தது.

"ரெண்டு பேரும் தூங்கிக்கிட்டே கட்டுனீங்களா?" என்றாள் மணிமொழி. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஆண்டாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அய்யம்பெருமாளுக்கும் சிரிப்பு வந்தது, ஐந்து வாரமாக வராத சிரிப்பு, மூக்கு வழியாக வந்தது. "சாக்குக்கட்டி கேட்டா தகடு குடுக்குறா பாரு, சாக்குக்கட்டி கேட்டா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"ஆண்டாயி."

"என்னங்க?"

"சிங்காரவேலு வண்டிக்கு நீ தகடு குடுத்தியா?"

அவள் கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தாள். அதை உரித்து முடித்தாள். முறத்தில் போட்டாள்.

"நான் அப்ப இங்க இல்லங்க. ஐப்பசில தங்கச்சி பெரசவத்துக்கு கங்கைகொண்ட சோழபுரம் போயிட்டன்ல. பத்து நாளு."

"பக்கத்துப் பட்டறைலேந்து ஒரு ஆளக் கூப்ட்டு வச்சிருந்தன்" என்றார் அவர். "மழ. அவசரம். கைய நீட்டுனன்."

"அவன் என்னா குடுத்தான்?"

"தெரியல." தன் வலதுகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கைய நீட்டுனது மட்டும் ஞாபகம் இருக்கு. என்னா வந்துதுன்னு தெரியல. ஒண்ணும் வரலியோ என்னமோ."

"ஒண்ணும் வரலன்னா தெரியாதாப்பா?"

"தெரியணும்தான் புள்ள. தெரியலயே." அவர் எழுந்தார். எங்கே போவதென்று தெரியாமல் வாசல்வரை போய்த் திரும்பிவந்தார். "பத்து வுட்டுதா, லோடு கூடவான்னு நெனச்சு நெனச்சு மண்ட வெடிச்சுதே, இது ரெண்டும் இல்லியே. நான் நடுவ தூக்கவே இல்ல. அதான் தொங்கிப்போச்சு."

அழுகிறாரா என்று மணிமொழிக்குத் தெரியவில்லை. அவள் வண்டியைப் பார்த்தாள். பன்னிரண்டு மணிக்கு மேல் அனஸின் அத்தாவுக்குப் பதில் போகவேண்டும்.

"அப்பா. மொதல்ல இத நேர் பண்ணு."

அதை நேராக்குவது பெரிய வேலை இல்லை. வளைந்த முதுகை கேஸ் அடித்துச் சிவக்கவைத்து, தண்ணீர் ஊற்றினால் இரும்பு சுருங்கி இறங்கும். இந்தமுறை வெளியே கட்டைமேல் போட்டபோது அய்யம்பெருமாள் கையை நீட்டவில்லை. "தண்ணி" என்றார். "போதும்" என்றார். "நூலு" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆண்டாயி நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள், ஊருக்குப் புதிதாய் வந்தவர் பேசுவதைக் கேட்பதுபோல. மூன்றாவது முறை தண்ணீர் ஊற்றியதும் நூலும் குழாயும் ஒட்டிக்கொண்டன.

அனஸ் ஜும்மாவுக்குப் போகிற வழியில் வெள்ளைத் தொப்பியோடு வந்தான். சிவப்புத் தரையில் வண்டியை வைத்தார்கள். சுவிட்சைத் தொட்டதுதான் தாமதம், வண்டி அறையைக் குறுக்கே கடந்து அரிசி டின்னை 'டமார்' என்று மோதி, டின்னையும் தள்ளிக்கொண்டு சுவர்வரைக்கும் போனது.

"யா அல்லாஹ்!" என்றான் அனஸ்.

"என் தரை!" என்றாள் ஆண்டாயி. தரையில் நீளமாக ஒரு வெள்ளைக் கீறல்.

மணிமொழி அப்பாவைப் பார்த்தாள். "ஓடிடுச்சு" என்றாள்.

"ஓடுது" என்றார் அவர், அவள் சொன்னது வேறு, தான் சொல்வது வேறு என்பதுபோல. "ஆனா இது ஓடுறதால அந்த டிரெய்லரு உழுந்தது இல்லன்னு ஆயிடுமா?"

அனஸ் ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "மாமா, அத்தா கேப்பாங்க. என்னான்னு சொல்லட்டும்?"

அய்யம்பெருமாள் தரைக் கீறலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். போகாது என்று தெரிந்தும் தேய்த்தார்.

"எனக்கு சிறுவாச்சூர்ல ஒரு வேல பாதில கெடக்குன்னு சொல்லு. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு."

*

சனிக்கிழமை விடிந்ததும் மணிமொழியும் அனஸும் சோளச்சாக்கோடு திருச்சி பஸ் ஏறினார்கள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கழித்து அய்யம்பெருமாளும் ஆண்டாயியும் ஒரு லோடு ஆட்டோவில் வெல்டிங் மிஷினையும் கேஸ் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு சிறுவாச்சூர் போனார்கள். வெள்ளி, திங்கள் என்றால் அந்த ஊர்க் கோயிலுக்குக் கூட்டம் தாங்காது. அன்றைக்கு ரோடு காலியாகக் கிடந்தது.

சிங்காரவேலுவின் களத்தில், வேப்பமரத்தடியில், டிரெய்லர் இரண்டாக மடங்கிக் கிடந்தது. கோழிகள் அதற்கடியில் இருந்தன. சிங்காரவேலு கட்டுக் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டிலிருந்து வந்தார். வாங்க என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

அய்யம்பெருமாள் நூலைப் பிடித்தார். ஒருமுனையை ஆண்டாயி பிடித்தாள். முறிவுக்கு இரண்டு பக்கமும் சட்டம் கீழே தொங்கியிருந்தது, ஒருநாளில் தொங்கியது இல்லை, பலநாள் தொங்கித் தொங்கி இறங்கிய தொங்கல். நீளச்சட்டத்தின் அடியில் கையைவிட்டுத் தடவினார். தகடு வைத்து அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு தழும்பு விழும். தழும்பு இல்லை.

"அண்ணே" என்றார். "தப்பு எம்மேலதான். நடுவுக்குத் தகடு வக்கல. மறந்துட்டன். பத்து வுடல, நாந்தான் வுட்டுட்டன்."

சிங்காரவேலு ஆண்டாயியைப் பார்த்தார். கோழியை 'ச்சூ' என்று விரட்டினார்.

"அதச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்த?"

"சரி பண்ணிக் குடுக்க வந்தன்."

"யோவ்." சிங்காரவேலு குரலைத் தாழ்த்தினார், வீட்டுப்பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நானும் அன்னைக்கி பதினஞ்சு மூட்ட கூடத்தான் ஏத்துனன். மழ வரும்போல இருந்துச்சு, ஒரே நடைல முடிச்சிடலாம்னு. எங்கூட்டுக்காரிக்குக்கூட தெரியாது."

இருவரும் டிரெய்லரைப் பார்த்தார்கள்.

"அப்ப எதுனாலதான்யா உழுந்துது?"

"தெரியலண்ணே" என்றார் அய்யம்பெருமாள். "எனக்கு நேத்து தெரிஞ்ச மாரி இருந்துச்சு. இப்ப மறுபடியும் தெரியல."

"ஒனக்கே தெரியலன்னா எனக்கு என்னத்தத் தெரியும். மோரு குடிக்கிறியா?"

"குடுங்க."

மதியத்துக்குள் முறிந்த சட்டத்தை அறுத்து எடுத்து, புதுச் சட்டத்தைக் கட்டைமேல் போட்டார்கள். சிங்காரவேலுவின் செல்போனில் மணிமொழி பேசினாள். மூன்றாவது சுற்றில் தோற்றுவிட்டார்களாம், வயர் அறுந்துபோனது. "சேசுக்கு ஒண்ணும் ஆவலப்பா! எதுத்தாப்ல வந்தவனோட அலுமினியம்தான் வளைஞ்சு போச்சு. அனஸ அவங்க திட்டுறாங்க, டிராக்டரக் கொண்டாந்துட்டீங்கன்னு!" அய்யம்பெருமாள் "ம்" என்றார். "சாப்ட்டியா?" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தார். சிங்காரவேலு வாங்கி அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார், கரி அப்பியிருந்தது.

பிறகு அய்யம்பெருமாள் முகத்தில் கருப்புக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சட்டத்துக்கு முன்னால் குந்தினார். இடதுகை ஹோல்டரைப் பிடித்தது. வலதுகை பின்னால் நீண்டது.

ஒன்றும் வரவில்லை.

கை அப்படியே நின்றது. விரல்கள் ஒருதரம் மூடித் திறந்தன.

ஆண்டாயி பின்னால்தான் இருந்தாள். தகடு அவள் கையில்தான் இருந்தது, வெயிலில் சூடேறி, முந்தானையில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள்.

அவர் கண்ணாடியைத் தூக்கித் திரும்பிப் பார்த்தார். சிங்காரவேலு மோர்ச்செம்போடு நின்றுகொண்டிருந்தார்.

"தகடு" என்றார் அய்யம்பெருமாள்.